ஆடி மழையில் கரிசல் பாதை

பாணேரில் எங்கள் அடுக்ககத்து சைக்கிள் குழுவில் மழைக்காலம் வந்துவிட்டால் ஒரே கேள்விதான்: "இந்த ஞாயிறு எந்த ரூட்ல போகலாம்?" என்னைத்தான் கேட்பார்கள். நானும் பெரிய மனிதன் மாதிரி பதில் சொல்வேன். சரளை விரிந்த மேட்டுப் பாதை என்றால் எவ்வளவு பெய்தாலும் தண்ணீர் வடிந்துவிடும், தாராளமாகப் போகலாம். வயலோரத்துக் கரிசல் என்றால் கிட்டவே போகாதீர்கள். சக்கரத்தில் அப்பிக்கொண்டு, சைக்கிள் நம்மைச் சுமப்பது போய் நாம் சைக்கிளைச் சுமக்க வேண்டி வரும். சந்தேகமாக இருந்தால் ஒரு பிடி மண்ணை எடுத்து அழுத்திப் பாருங்கள். கொழுக்கட்டை மாதிரி பிடிபட்டால் பேசாமல் திரும்பிவிடுங்கள்.

இந்தக் கொழுக்கட்டைப் பரீட்சை நானும் என் தங்கையும் வளர்ந்த ஊரான தேஹு ரோடில் கண்டுபிடித்தது. அப்பாவுக்கு அங்கே ராணுவ டிப்போவில் வேலை. மழை ஞாயிறுகளில் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த குன்றுகளையெல்லாம் நாங்கள் இருவரும் சைக்கிளில் சுற்றித் தீர்ப்போம். அந்தச் சுகம் இப்போது எத்தனை கியர் வைத்த சைக்கிளிலும் வருவதில்லை. என்ன சொல்லி என்ன!

அவளுக்கு ஆவணியில் கல்யாணம் வைத்தார்கள். மாப்பிள்ளைக்கு கனடாவில் வேலை. கல்யாணம் முடிந்த கையோடு விமானம். முகூர்த்தக்கால் நட்டுவிட்டால் பெண் வாசல் தாண்டக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஆடிக் கடைசி ஞாயிறு மட்டும்தான் மிச்சம். அந்த ஒரு நாள் என்னோடு சைக்கிளில் போக விடச் சொல்லி அவள் அம்மாவின் பின்னாலேயே கெஞ்சிக்கொண்டு திரிந்தாள்.

"கண்ணாலப் பொண்ணு மழையில போயி கையக் கால ஒடச்சிக்கினு வந்தா மாப்ள வூட்டுக்கு இன்னாடி பதில் சொல்றது?" என்றாள் அம்மா. கடைசியில் என் பக்கம் திரும்பி, "ஒரு கீறல் பட்டுச்சுன்னா நீ வூட்டுக்கே வராத" என்று சொல்லி அனுப்பச் சம்மதித்தாள்.

முந்தின நாளே மழையில் தனியாகப் போய்ப் பாதை பார்த்துவிட்டு வந்தேன். முழுக்கச் சரளை. வழுக்குப் பாறை கிடையாது, ஓடை கிடையாது. மறுநாள் அந்த வழியிலேயே அவளை அழைத்துப் போனேன். மேலே ஒரு பொட்டுச் சேறு தெறிக்கவில்லை. உச்சிக்குப் போய், எப்படி என் ரூட் என்று பெருமையாகத் திரும்பினால், அவள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறாள்.

"அரே அண்ணா, இது என்ன ரூட்? ஹைவே மாதிரி இருக்கு. அங்க போனா ஃபுல்லா பனிதான். எனக்கு இன்னிக்கு சேறு வேணும்."

கீழே கரும்புத் தோட்டத்தை ஒட்டி ஒரு கரிசல் பாதை போனது. இறங்கிப் போய் ஒரு பிடி எடுத்து அழுத்தினேன். அச்சு அசலான கொழுக்கட்டை. "பாத்தியா? திரும்பிடலாம்" என்றேன். அவள் அதைப் பிடுங்கி என் ஹெல்மெட்டில் அப்பிவிட்டு, சைக்கிளை உள்ளே விட்டாள். கோபம் வர வேண்டிய இடம். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கொஞ்ச தூரத்திலேயே சக்கரம் சிக்கிப் பொத்தென்று விழுந்தாள். பதறி ஓடினால், மல்லாந்து படுத்து மழைக்கு வாயைத் திறந்துகொண்டு சிரிக்கிறாள். நல்லவேளை, கீறல் எதுவும் இல்லை. ஆளுக்கொரு சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம்.

"ஐயோ, இன்னாடி கோலம் இது!" அம்மா அவளைக் குழாயடியில் நிறுத்தி, முதுகில் ரெண்டு வைத்து, வாளி வாளியாக ஊற்றித் தேய்த்தாள். வாய் ஓயாமல் திட்டியது. தலைமுடியில் ஏறிய சேறு மட்டும் லேசில் போகவில்லை. விரலால் கற்றை கற்றையாகப் பிரித்து அலசிக்கொண்டிருந்த அம்மாவின் கை சட்டென்று நின்றது.

"அங்க போயி இப்டி வந்து நின்னா, யாருடி உன்னக் கழுவி வுடுவாங்க?"

கேட்டுவிட்டு, சேற்றோடு அவளைக் கட்டிக்கொண்டு அம்மா ஓவென்று அழுதாள். குழாயை நிறுத்தத் தோன்றாமல் நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.