போலீஸ் நாய் கேட்டு வந்தவர்கள்

நாய்க்குட்டி வாங்க வர்றவங்க எல்லாருக்கும் நாயைப் பத்தி எல்லாமே தெரிஞ்சிருக்கும். ஒண்ணும் தெரியாதவ, அதுக்குப் பீ மூத்திரம் அள்ளி வளர்த்த நான் ஒருத்திதான்.

தொண்ணூறுகள்ல ஆரம்பிச்சு கொஞ்ச வருஷம், புதுப்பட்டினத்துல எங்க வீட்டுப் பின்பக்கம் அல்சேஷன் நாய் வளர்த்தேன். வீட்டுக்காரருக்குப் பக்கத்துல கல்பாக்கத்துல வேலை. எனக்கு நாய்ங்கதான் வேலை. ராணின்னு ஒரு பொட்டை, அவ அம்மா பாப்பான்னு ஒரு கிழவி. ராணிக்கு வயசு வந்து, உடம்பு தேறி, டாக்டர் சரின்னு சொன்னாத்தான் குட்டி. ரெண்டு மாசம் ஆகாம குட்டியைத் தாய்கிட்டேர்ந்து பிரிக்க மாட்டேன். எல்லாத்துக்கும் மேல ஒரு சட்டம் வச்சிருந்தேன்: எங்க வீட்டுக் குட்டி உங்களுக்கு வேண்டாம்னு ஆயிட்டா தெருவுல விடக் கூடாது, வேற யார் தலையிலயும் கட்டக் கூடாது, என்கிட்டயே திருப்பிக் கொண்டாந்து விடணும். இதைச் சொல்றப்ப எனக்கு ரொம்பப் பெருமையா இருக்கும். நாய் வளர்த்து அவதிப்பட்ட உங்களுக்கு அந்தப் பெருமை எங்க கொண்டு போய் விடும்னு நல்லாவே தெரியும்.

ராணிக்கு எக்ஸ்ரே

அல்சேஷனுக்கு இடுப்பு மூட்டு கெட்டுப் போற சீக்கு ஒண்ணு உண்டு. தாய் தகப்பனுக்கு இருந்தா குட்டிக்கும் இறங்கும். வெளியில பார்த்தா தெரியாது. அதனால ராணிக்கு மாப்பிள்ளை பார்க்கிறதுக்கு முன்னாடி எக்ஸ்ரே எடுக்கச் சென்னைக்குக் கூட்டிட்டுப் போனேன். எங்க தெருமுனையில வேன் ஓட்டுற ஆல்பர்ட்தான் வந்தான். அவன் வண்டி பாதி வழியில நின்னாலும் நிக்கும், வாய் நிக்காது.

மயக்க ஊசி போட்டு எடுத்தாங்க. டாக்டர் பார்த்துட்டு, இடுப்பு நல்லா இருக்கு, தாராளமா குட்டி போடலாம்னாரு. திரும்பி வர்ற வழியில ராணி மயக்கம் தெளியாம என் மடியில எச்சில் ஒழுக விட்டுட்டுப் படுத்திருந்தா. டீ குடிக்க வண்டியை ஓரம் கட்டின ஆல்பர்ட், எக்ஸ்ரே படத்தை வாங்கி வெயில்ல தூக்கிப் பிடிச்சு ரொம்ப நேரம் பார்த்தான். அப்புறம் ஒரு பெருமூச்சு விட்டான்.

"யக்கா, எனக்குப் பொண்ணு பாக்கப் போனப்ப எங்க வூட்ல பஜ்ஜி துன்னாங்க, காபி குட்ச்சாங்க, வந்துட்டாங்க. இவ்ளோ பாத்திருந்தா நானும் தப்பிச்சிருப்பேன்."

எவன் மதிப்பான்?

ராணி குட்டி போட்ட சேதி பரவினதும் முதல்ல வந்தவர் செங்கல்பட்டுல ஜவுளிக்கடை வச்சிருக்கிறவர். "போலீஸ் நாய்க்குட்டி கீதாமே?"ன்னுதான் உள்ளேயே வந்தாரு. காம்பவுண்ட் சுவர் இருக்கா, காலையில யார் நடத்திக் கூட்டிப் போவாங்கன்னு நான் கேட்ட கேள்விக்கெல்லாம் நல்லபடியா பதில் சொன்னாரு. குட்டியையும் பிடிச்சுப் போச்சு. அதோட நான் வாயை மூடிட்டு இருந்திருக்கலாம். "இது போலீஸ்ல சேர்ந்ததெல்லாம் பிற்பாடுதாங்க, ஆதியில ஜெர்மனியில ஆடு மேய்ச்ச ஜாதி"ன்னு சொல்லித் தொலைச்சேன்.

மனுஷன் மூஞ்சி விழுந்து போச்சு. மடியில இருந்த குட்டியை மெதுவா இறக்கி விட்டாரு. காபியைக்கூட முழுசாக் குடிக்கல.

"இன்னாம்மா நீ, போலீஸ் நாய் வாங்கியாரேன்னு தெரு பூரா சொல்ட்டு வந்துட்டேன். இப்ப ஆட்டுக்கார நாயைப் புட்ச்சிகினு போனா எவன் மதிப்பான்?"

ஜோடி

திருக்கழுக்குன்றத்துலேர்ந்து ஒரு கான்ட்ராக்டர் வந்தாரு. ஆண் ஒண்ணு பொட்டை ஒண்ணு, ஜோடியா வேணுமாம். பின்னால அவரே குட்டி எடுத்துக்குவாராம். எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. "ஐயா, அது ரெண்டும் அண்ணன் தங்கச்சி"ன்னேன். நாய்க்கு அதெல்லாம் தெரியாதுன்னாரு. நாய்க்குத் தெரியாது, எனக்குத் தெரியுமே, குட்டி குறையோட பொறக்கும், ஒண்ணு வேணா கேளுங்கன்னு கறாரா சொல்லிட்டேன்.

அவர் கோவிச்சுக்கல. உண்மையிலேயே புரியாம கேட்டாரு.

"நான் கட்டிகினு இருக்கறதே என் அக்கா பொண்ணுதான். மூணு புள்ளைங்க, மூணும் நல்லாத்தான் கீது. நாய்க்கு மட்டும் இன்னாத்துக்கும்மா இம்மாஞ்சட்டம்?"

பிறந்தநாள் விழா

மத்த குட்டியெல்லாம் நல்ல இடமாப் போயிடுச்சு. கடைசியா நின்னவன் துரை. நடை அப்படி, அதான் அந்தப் பேரு. ரெண்டு மாசக் குட்டியாவே பக்கத்து வீட்டுக் கோழிங்களைச் சுத்திச் சுத்தி வந்து மூலையில ஒதுக்கிட்டு, எதிர்ல உக்காந்து காவல் இருப்பான். ஒண்ணு நகர்ந்தா எழுந்து போய்த் திருப்பி விடுவான். ஒரு இறகைக்கூடத் தொட மாட்டான். எனக்கு அவன் மேல ஒரு தனிப் பிரியம், மறைக்க என்ன இருக்கு?

கூடுவாஞ்சேரியில புதுசா வீடு கட்டின ஒரு குடும்பம் அவனை வாங்கிட்டுப் போய் டைகர்னு பேர் வச்சாங்க. நாலஞ்சு மாசம் கழிச்சு அவங்க பையன் பிறந்தநாளுக்கு ஊரையே கூப்பிட்டிருக்காங்க. இத்தனை பேர் இஷ்டத்துக்கு அலையறதைப் பார்த்தா நம்ம ஆளுக்குப் பொறுக்குமா? ஒவ்வொருத்தரா முழங்கால்ல முட்டி முட்டி, பெரியவங்க சின்னவங்க எல்லாரையும் ஹால் மூலையில டிவி பக்கம் சேர்த்துட்டான். கேக் இந்தப் பக்கம், ஜனம் அந்தப் பக்கம். மறுநாள் சாயந்திரம் அந்தம்மா அவனை ஆட்டோவுல கொண்டாந்து இறக்கினாங்க. கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"யாரையும் கடிக்கல மேடம், அப்படி நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா பாத்ரூம் போகணும்னு அழுத எங்க மாமனாரைக்கூட வெளியில விடல."

கடல்ல குளிக்கக் கூடாது

அடுத்து மகாபலிபுரத்துல லாட்ஜ் வச்சிருக்கிறவர். இவர் சீசர்னு பேர் வச்சாரு. நான் "உக்காரு", "நில்லு", "வா"ன்னு தமிழ்லதான் பழக்கியிருக்கேன், அப்படியே சொல்லுங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லி அனுப்பினேன். வெள்ளைக்கார ஜாதி நாய்கிட்டப் போய்த் தமிழ்ல பேசுறதான்னு அவர் இங்கிலீஷ்லயே அதட்டியிருக்காரு. உங்க வீட்டுலயும் நாய்கிட்ட மட்டும் இங்கிலீஷ் பேசுற ஒருத்தர் இருப்பாரே, அதே கேஸ்தான். துரை அவர் சொன்ன எதையும் காதுல போட்டுக்காம, தனக்குத் தெரிஞ்ச வேலையைப் பார்க்கப் போயிட்டான்.

கடற்கரையில வெளிநாட்டுக்காரங்க ஆளுக்கொரு பக்கம் வெயில்ல படுத்திருப்பாங்க இல்ல? எல்லாரையும் எழுப்பி ஒரே இடத்துல உக்கார வச்சிருக்கான். தண்ணியில இறங்கினவங்களைச் சுத்தி நீந்திப் போய்க் கரைக்குக் கொண்டாந்திருக்கான். லாட்ஜ்காரர் எஸ்டிடி பூத்துலேர்ந்து போன் பண்ணினதும், நானும் ஆல்பர்ட்டும் ஓடினோம். அவர் ரொம்ப மரியாதையாத்தான் பேசினாரு.

"ரொம்ப நல்ல நாய் மேடம். ஒரு வெள்ளைக்காரம்மா அதைக் கட்டிப்புடிச்சு முத்தமெல்லாம் குடுத்துச்சு. குடுத்துட்டு ரூமைக் காலி பண்ணிகினு பாண்டிச்சேரிக்குப் போயிடுச்சு."

இருட்டு ரூம்

இதுக்குள்ள துரைக்கு ஒரு வயசு தாண்டிடுச்சு. இனிமே குட்டின்னு சொல்லி யார்கிட்டயும் குடுக்க முடியாது. வீட்டுக்காரர் பாவம், நல்ல மனுஷன்தான். ஆனா பாப்பா, ராணி, அதோட நாள் பூரா தெருப் பிள்ளைங்களை எங்க வீட்டு வாசல்ல கொண்டாந்து சேர்க்கிற துரைன்னா அவரும்தான் என்ன பண்ணுவார்? அக்கம்பக்கத்துல பேச்சு வந்துடுச்சு. அடுத்து யார் வந்து கேட்டாலும் குடுத்துடுன்னாரு.

வந்தவர் ஒரு கல் குவாரிக்காரர். துரையோட தோளையும் பல்லையும் பார்த்துட்டு, ஞாயித்துக்கிழமை வண்டியோட வர்றேன்னாரு. எங்க வச்சுக்குவீங்கன்னு கேட்டேன். ஷெட்டுல சங்கிலி போட்டுக் கட்டிடுவாராம். இவன் கடிக்கவே மாட்டானேங்கன்னேன். அவர் சொன்ன பதிலைக் கேட்டதுலேர்ந்து எனக்குச் சோறு இறங்கல. துரை என் பாதத்து மேல தலையை வச்சுப் படுத்துட்டான், நான் சமையக்கட்டுல உக்காந்து அழுதேன். என் சட்டம், என் பெருமை, எல்லாம் என்ன ஆகப் போகுது?

"அதெல்லாம் கவலையே படாதீங்க மேடம், ரெண்டு மாசம் இருட்டு ரூம்ல போட்டு வச்சா தானா கடிக்க ஆரம்பிச்சுடும்."

வரப்புல ஓடினவர்

ஆல்பர்ட்கிட்டப் புலம்பினேன். "இன்னாக்கா நீ, இதுக்குப் போயி அழுவுற"ன்னு சொல்லிட்டுப் போனவன், ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒருத்தரைக் கூட்டிட்டு வந்துட்டான். பேரு சுந்தரேசன். பேங்க்ல விருப்ப ஓய்வு வாங்கிட்டு, வேடந்தாங்கலுக்குப் பக்கத்துல நிலம் வாங்கிப் போட்டு ஆடு வளர்க்கிறாராம். அந்த ஆடுங்க ஒரு நாளும் அவர் நிலத்துல மேஞ்சதில்ல, எப்பவும் பக்கத்துக்காரங்க வேர்க்கடலைக் கொல்லையிலதான். தினம் சண்டை. இன்னொரு தடவை வந்தா ஆட்டைப் புடிச்சுக் கட்டிடுவோம்னு சொல்லிட்டாங்களாம். அவர் கேட்டதும் போலீஸ் நாய்தான், ஆடு திருடு போகாம இருக்க. சூடு பட்டும் எனக்குப் புத்தி வரல. "இது ஆடு மேய்க்கிற ஜாதிங்க"ன்னேன். அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு, "நிஜமாவா? எனக்கே அது தெரியாதுங்களே"ன்னாரு.

மறுநாளே துரையை அங்க கொண்டு போனோம். நீளக் கயிறு கட்டிக் கூட்டிட்டுப் போனேன். கொம்பு வச்ச ஒரு கிழட்டு ஆடு முன்னால வந்து விட்டுது பாருங்க ஒரு முட்டு! துரை கீச்சுன்னு கத்திட்டு ஓடி வந்து என் புடவைக்குப் பின்னால ஒளிஞ்சுகிட்டான். கோழியும் மனுஷனும் கேட்ட பேச்சை ஆடு கேக்கலையே, இனிமே குவாரிதானான்னு நினைச்சேன். அதுக்குள்ள ஆடுங்க வழக்கம் போலக் கடலைக் கொல்லைப் பக்கம் நகர ஆரம்பிச்சது. துரை எட்டிப் பார்த்தான். அப்புறம் ஆடுங்ககிட்டயே போகாம, நேரா கொல்லைக்கும் அதுங்களுக்கும் நடுவுல இருந்த வரப்புக்குப் போனான். அந்த வரப்பு மேலேயே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓட ஆரம்பிச்சான். ஒரு ஆடுகூடக் கொல்லைப் பக்கம் கால் வைக்கல. துரையோட பாட்டன் பூட்டன் செஞ்ச வேலை அதுதான், வேலி இல்லாத ஊர்ல தானே வேலியா நிக்கிறது. யாரும் சொல்லிக் குடுக்காம அவன் அதைச் செஞ்சதை என் கண்ணால பார்த்தேன். சந்தோஷத்துல கயிறு கையிலேர்ந்து நழுவினதுகூட எனக்குத் தெரியல.

சுந்தரேசன் நெஞ்சுல கை வச்சுகிட்டு நின்னாரு.

"மேடம், நேத்து வரைக்கும் அந்த வரப்புல ஓடிட்டிருந்தது நான்தான்."

ஞாயித்துக்கிழமை

குவாரிக்காரர் சொன்னபடி வண்டியோட வந்துட்டாரு. நாயைக் குடுத்துட்டேன்னதும் யாருக்கு, எதுக்குன்னு விசாரிச்சாரு. சொன்னேன். வீட்டுக்காரர் உள்ளேர்ந்து பேப்பருக்குப் பின்னால சிரிக்கிறது எனக்குக் கேக்குது.

"ஐயோ, நல்ல போலீஸ் நாயைப் போயி ஆடு மேய்க்க விட்டுட்டீங்களே, அதுக்கு எவ்ளோ அவமானமா இருக்கும்?"

ஒண்ணு குறையுது

அதுக்கப்புறம் கொஞ்ச நாள் வாரா வாரம் வேடந்தாங்கல் போய்ப் பழக்கினேன். துரைக்குச் சொல்லிக் குடுத்தது கொஞ்சம்தான். ஒரு வார்த்தையை ஒரு தடவை சொல்லிட்டு வாயை மூடுங்கன்னு சுந்தரேசனுக்குச் சொல்லிக் குடுத்ததுதான் அதிகம். பொங்கல் சமயத்துல, ஏரியில பறவை பார்க்கக் கூட்டம் வந்திருந்தப்ப, வீட்டுக்காரரையும் கூட்டிட்டுப் போனேன். துரை ஓடி வந்து என்னை ஒரு சுத்து சுத்தினான், கையை நக்கினான், அவ்வளவுதான். வேலை இருக்குன்னு திரும்பிப் போயிட்டான். எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு, ஆனா மனசு நிறைஞ்சிருந்தது.

சாயந்திரம் ஆடுங்க பட்டிக்கு வந்துடுச்சு, சுந்தரேசனைக் காணோம். மதகு மேல சீட்டாட்டத்துல உக்காந்தா அவருக்கு வீடு ஞாபகமே வராதாம். பேங்க் காலத்துலேர்ந்தே அவர் சம்சாரம் வசந்தாவுக்கு இருக்கிற ஒரே குறை அதுதான். துரை பட்டி வாசல்ல நின்னு உள்ள பார்த்தான், பாதையைப் பார்த்தான், கிளம்பிப் போனான். கொஞ்ச நேரத்துல சுந்தரேசன் முன்னால வர்றாரு, முழங்காலுக்குப் பின்னால துரை முட்டிகிட்டே வர்றான். வேட்டியெல்லாம் மண்ணு, கையில இன்னும் ஒரு சீட்டு இருக்கு. வசந்தா எனக்குக் காபியைக் குடுத்துட்டு, வாசலைப் பார்த்துச் சிரிச்சாங்க.

"ஆட்டை அடைச்சதும் ஒண்ணு குறையுதுன்னு அதுவாவே மதகுக்குப் போயிடுது மேடம். கல்யாணம் ஆன நாளா நான் கத்திக் கத்தி வராதவரு, இப்ப பொழுது சாயறதுக்குள்ள ஆட்டோட ஆடா வந்து நிக்கிறாரு."

அதுக்கப்புறம் போலீஸ் நாய் கேட்டு வந்தவங்க எல்லார்கிட்டயும் நான் தைரியமாச் சொன்னது இதுதான்: எங்க வீட்டு நாய் ஆடு மேய்க்கிற நாய்தாங்க, ஆனா உங்க வீட்டுல யார் ஆடுங்கிறதை அது வந்து பார்த்துட்டுத்தான் முடிவு பண்ணும்.