தாய்மாமன் மடியும் தேதி மாற்றும் சலுகையும்

"உங்கள் திட்டங்கள் மாறலாம். அதனால் நாங்கள் வளைந்து கொடுக்கிறோம். பயணத் தேதியை எத்தனை முறை வேண்டுமானாலும், மாற்றுக் கட்டணம் இல்லாமல் மாற்றிக்கொள்ளலாம்." ஆனி மாத நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை எனக்கு வந்த மின்னஞ்சலின் முதல் பத்தி இது. அனுப்பியது நான் டிக்கெட் வாங்கிய இணையதளம். பழைய கடிதங்களையும் ரசீதுகளையும் தேதிவாரியாக அடுக்கி வைக்கும் வழக்கம் எனக்கு உண்டு என்பதால் இதையும் அச்செடுத்துக் கோப்பில் சேர்த்தேன். எத்தனையோ பொய்களை அந்தக் கோப்பில் வைத்திருக்கிறேன். இவ்வளவு மரியாதையாக எழுதப்பட்ட பொய் வேறொன்று அதில் இல்லை.

நான் வாழும் நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகரில் ஒரு காப்பி குடிக்கக்கூடத் தேதி குறிக்க வேண்டும். அதற்கு 'அஃப்ஸ்ப்ராக்' என்று பெயர். பக்கத்து வீட்டு அன்னெக்கே என்னை வாசலில் பார்த்து, "நாம் ஒரு காப்பி குடிக்க வேண்டும்" என்பார். கதவு திறந்துதான் இருக்கும், உள்ளே காப்பி கொதிக்கும் வாசனையும் வரும். ஆனால் அவர் கைப்பேசியை எடுத்து நாட்காட்டியைத் தள்ளித் தள்ளிப் பார்த்து, "முப்பத்தேழாவது வாரம், வியாழன் பிற்பகல்?" என்று கேட்பார். இங்கே மாதம் யாருக்கும் கணக்கில்லை, வார எண்தான். வந்த புதிதில் எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது என் குறிப்பேட்டில் தமிழ் மாதத்தை ஒரு ஓரத்திலும் டச்சுக்காரர்களின் வார எண்ணை மறு ஓரத்திலும் எழுதுகிறேன். இரண்டும் ஒன்றையொன்று மதிப்பதில்லை.

அந்த டிக்கெட்டை நான் சும்மா வாங்கவில்லை. மதுரை ஆனையூரில் இருக்கும் என் தங்கை செல்வியின் மகள் யாழினிக்குக் காதுகுத்து. எங்கள் பக்கம் குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். அப்பன் மடி, தாத்தா மடி எதுவும் செல்லாது. செல்வியுடன் பிறந்தவன் நான் ஒருவன். ஒற்றைப்படை வயதில்தான் குத்த வேண்டும். யாழினிக்கு அப்போது மூன்று, ஐப்பசி வந்தால் நான்கு. இடையில் வரும் புரட்டாசியில் கிடா வெட்ட மாட்டார்கள். ஆகவே ஆவணியை விட்டால் வேறு மாதமில்லை. அலங்காநல்லூருக்கு அப்பால் வயல் நடுவே இருக்கும் அவர்கள் குலதெய்வக் கோயிலில், முப்பத்தைந்தாவது வார ஞாயிறு என்று முடிவானது. எங்கள் ஆட்கள் குறிக்கும் தேதியை நம்பி விமானம் ஏறும் முட்டாள் நான் இல்லை. அதனால்தான் 'ஃப்ளெக்சிபிள்' என்று எழுதியிருந்ததைத் தேடி, அதிகம் கொடுத்து வாங்கினேன்.

அந்த வாரப் புதன்கிழமை விமானம். அன்று காலை பெட்டியில் சீர்ப் புடவையையும் யாழினிக்கு வாங்கிய தோட்டையும் வைத்துக்கொண்டிருந்தபோது, உறவினர் வாட்ஸாப் குழுவில் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வந்தது. இறந்தவர் செல்வி கணவரின் பெரியப்பா. திங்கட்கிழமையே இறந்திருக்கிறார். பங்காளி வீட்டுச் சாவு, பதினாறாம் நாள் கருமாதி வரைக்கும் தீட்டு, கோயில் பக்கம் போக முடியாது. உடனே செல்வியை அழைத்தேன்.

"ஏத்தா, திங்கக்கெழம போன மனுசனை இன்னைக்கு போஸ்டர்ல பாக்குறேன். எனக்கு ஒரு போன் போட ஒங்களுக்கு நேரமில்லையா?"

"கோவிச்சுக்காதண்ணே. கெளம்புற ஆளுகிட்ட எழவுச் சேதி சொல்லக் கூடாதுன்னு அவுக சொல்லிட்டாக. நீ மதுரையில எறங்குனதும் சொல்லுவோம்னு இருந்தோம்."

"எறங்கி நான் என்ன பண்ண? கருமாதிப் பந்தல்ல தோட்டைக் கையில வச்சுக்கிட்டு உக்காரவா?"

கைப்பேசி கை மாறியது. அவள் கணவர் பேசினார். "மச்சான், காதுகுத்தை ஆவணிக் கடைசி ஞாயித்துக்கெழமைக்கு, அதான் ஒங்க கணக்குல முப்பத்தேழாவது வாரத்துக்கு, மாத்தியாச்சு. நீங்கதான் எப்ப வேணாலும் மாத்துற டிக்கெட்டுன்னு அம்புட்டுப் பெருமையாச் சொன்னீகளே, மாத்திட்டு வாங்க."

இப்போதே போய் அதுவரை தங்க எனக்கு விடுப்பு இல்லை, மாற்றித்தான் ஆக வேண்டும். மாற்றினேனா? இணையதளத்தை அழைத்தால் விமான நிறுவனத்தைக் கேட்கச் சொன்னார்கள், அவர்களை அழைத்தால் இவர்களைக் கேட்கச் சொன்னார்கள். கடைசியில் ஒரு பெண் அகப்பட்டார். மாற்றிக்கொள்ளும் கெடு முந்தைய மாலையே முடிந்துவிட்டது என்றார். அதாவது, என் குடும்பத்தார் என் நல்லதுக்காக வாயை மூடிக்கொண்டிருந்த அதே மாலை. துக்கம் என்றால் விலக்கு உண்டாம்.

"இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு?"

"என் தங்கை கணவரின் பெரியப்பா."

சிறிது நேரம் தட்டச்சு ஒலி. "எங்கள் விதியில் பெற்றோர், துணைவர், பிள்ளைகள்தான் இருக்கிறார்கள். நீங்கள் இறுதிச் சடங்குக்குப் போகிறீர்களா?"

"இல்லை. அவர் இறந்ததால் போகாமல் இருக்கத்தான் அனுமதி கேட்கிறேன்."

அவர் நான் குடித்திருக்கிறேன் என்று நினைத்திருக்கலாம். ஆனாலும் மனமிரங்கி, விதிவிலக்காக மாற்றித் தருவதாகச் சொன்னார். பிறகுதான் வளைந்து கொடுப்பதன் இலக்கணம் விளங்கியது. விமானத்தில் இருக்கை இருப்பது போதாது. நான் வாங்கிய கட்டண வகைக்கு ஓர் ஆங்கில எழுத்து உண்டு, அந்த எழுத்தில் இருக்கை இருக்க வேண்டும். ஒரே வரிசையில் ஒரே ஆறிப்போன சாப்பாட்டைத் தின்னும் மூவர் மூன்று எழுத்துக்காரர்கள். வேறு எழுத்துக்குப் போக வித்தியாசத் தொகை. அது எவ்வளவு என்று இங்கே எழுதினால் செல்வி படித்து அழுவாள். என் கையில் இருந்ததெல்லாம் தோட்டுக்கும் சீருக்கும் போயிருந்தது. என் எழுத்தில் முதலில் கிடைத்த இருக்கை ஆவணிக் கடைசி ஞாயிறு புறப்பட்டுத் திங்கள் மதுரை சேர்வது. காதுகுத்துக்கு மறுநாள். "மாற்றுக் கட்டணம் எதுவும் இல்லை" என்று அந்தப் பெண் மகிழ்ச்சியோடு நினைவூட்டினார். வேறு இருக்கை விழுமா என்று தினமும் பார்த்தேன். விழவில்லை.

இதே நேரத்தில் ஊரில் நடந்ததை ஒப்பிட்டுப் பார்க்கிறேன். மேளக்காரர், ஆசாரி, சமையல்காரர், பந்தல்காரர் என்று மாப்பிள்ளை ஆளுக்கொரு போன் போட்டார். ஒவ்வொருவரும் "சரிண்ணே, பதினாறு கழியட்டும்" என்றார்கள். இறந்தவர் எந்த வகை உறவு என்று ஒருவரும் கேட்கவில்லை. பத்திரிகையில் புதுத் தேதியை ஒட்டுத்தாளாக அச்சடித்து ஒட்டினார்கள். கிடாகூட எந்த வித்தியாசத் தொகையும் செலுத்தாமல் கூடுதலாக இரண்டு வாரம் உயிரோடு இருந்தது. வளைந்து கொடுப்பதாக ஒருவரும் விளம்பரம் செய்யவில்லை. இதைச் சொல்வதால் ஊரை நான் மெச்சுவதாக நினைக்க வேண்டாம். ஒரு போனில் முடிகிற சேதியைச் சகுனம் பார்த்து ஒளித்து வைத்த அறிவை எந்தக் கணக்கில் எழுதுவது? விமானக்காரனின் தந்திரமும் எங்கள் ஆட்களின் கரிசனமும் கைகோத்து என்னைக் கவிழ்த்தன.

செல்விக்குக் காது குத்தியபோது நான் பள்ளிக்கூடச் சிறுவன். அப்போது குடியிருந்த கோச்சடையிலிருந்து வேன் பிடித்து எங்கள் குலதெய்வக் கோயிலுக்குப் போனோம். மாமாவைக் காணவில்லை. ஆசாரி ஊசியை எடுத்து வைத்துவிட்டு வெற்றிலை போட்டார், நல்ல நேரம் முடிந்தது, அடுத்த நல்ல நேரத்தைத் தேடினார்கள், சோறு ஆறியது. தாய்மாமன் வராமல் ஊசியைத் தொடக் கூடாது. மாமாவோ வரும் வழியில் அலங்காநல்லூர் பேருந்து நிலையத்து டீக்கடையில் யாருடைய மாடு பெரியது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார். வந்ததும் ஒரு வருத்தமும் தெரிவிக்காமல் மடியை விரித்து உட்கார்ந்தார். அந்த வெட்டி மனிதருக்காக ஒரு கோயிலே காத்திருந்தது. நான் ஒரு டிக்கெட்டின் சிறு எழுத்துகள் அனைத்தையும் படித்தவன். எனக்காகக் காத்திருக்க ஆவணியில் நாளில்லை.

முப்பத்தேழாவது வாரம் வியாழன் பிற்பகல், குறித்தபடி, அன்னெக்கே வீட்டில் காப்பி குடித்தேன். அந்தப் பருவத்தில் சொன்ன தேதியில் நடந்த ஒரே காரியம் அதுதான். நடந்ததைச் சொன்னேன்.

"அந்தப் பெரியவர் இறந்ததற்கு என் அனுதாபங்கள். நெருக்கமானவரா?"

"நான் பார்த்ததே இல்லை."

அவர் பிஸ்கட் டப்பாவை மூடினார். "காது குத்த இங்கே நகைக்கடையில் ஐந்து நிமிடம் போதும். குழந்தை இங்கே வரும்போது நீங்களே கூட்டிப் போகலாமே? அஃப்ஸ்ப்ராக்கூடத் தேவையில்லை." நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். இந்த நாட்டில் நாள் குறிக்காமல் நடக்கக்கூடிய காரியம் என்று அவர் எனக்குச் சொன்னது அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை மதுரையில் இறங்கி நேரே ஆனையூர் போனேன். பந்தல் பிரித்தாகிவிட்டது. கூடத்தில் என் பெரியம்மா மகன் பாண்டி உட்கார்ந்திருந்தான், அவன் மடியில் யாழினி. மொட்டைத் தலையில் சந்தனம், காதுகளில் சிறிய கம்பி வளையம். அண்ணன் முறைக்காரன் என்பதால் அவனையே தாய்மாமனாக உட்கார வைத்துவிட்டார்கள்.

"தம்பி, மொறைக்கு ஒரு மடி வேணும்ல," என்றான் பாண்டி. "ஒன் மடி ஆகாயத்துல போய்க்கிட்டு இருந்துச்சு. எம் மடி இங்கன சும்மாத்தான் கெடந்துச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "மாமாகிட்ட வா" என்று யாழினியிடம் கை நீட்டினேன். அவள் பாண்டியின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "மாமா இதுதான்" என்றாள். காது ஆறும்வரை நான் கொண்டுவந்த தோட்டைப் போடக் கூடாதாம். அது இப்போது செல்வியின் பீரோவில் இருக்கிறது.

கிளம்பும் நாளில் செல்வி என்னைத் தனியே அழைத்தாள். "அண்ணே, நீ போன தடவ வச்சுட்டுப் போன பச்சைக் கரை வேட்டியைத்தான் பாண்டியண்ணன் மடியில விரிச்சேன். அதுமேலதான் பாப்பாவை உக்கார வச்சோம். மடி அவுகளோடது, வேட்டி ஒன்னோடது. சாமிக்குத் தெரியும்."

பாண்டியைக் கேட்டேன். "எந்த வேட்டி? நான் கட்டியிருந்தது என்னோடதுப்பா" என்றான். மாப்பிள்ளை, "ஏதோ ஒண்ணை விரிச்சாக மச்சான், நான் கிடாக்கிட்ட நின்னேன்" என்றார். எல்லாப் படங்களையும் கேட்டு வாங்கி, இங்கே வந்து பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். யாழினியின் பட்டுப்பாவாடை விரிந்து பாண்டியின் மடி முழுவதையும் மறைக்கிறது. முழங்கால் பக்கம் ஒரு விரல் அகலத்துக்குத் துணியின் விளிம்பு தெரிகிறது. வெயிலில் அதன் கரை எந்த நிறமும் இல்லாமல் வெளுத்திருக்கிறது. "உங்கள் பயணம் எப்படி இருந்தது?" என்று இணையதளம் கேட்டு எழுதியிருக்கிறது, பதில் போடவில்லை. குறிப்பேட்டில் மட்டும், ஒரு ஓரம் ஆவணிக் கடைசி ஞாயிறு, மறு ஓரம் வாரம் முப்பத்தேழு என்று போட்டு, நடுவில் எழுதியிருக்கிறேன்: மடி, பாண்டியுடையது. வேட்டி என்னுடையதா என்பது இன்றுவரை உறுதியாகவில்லை.