ஈர விறகும் முப்பத்தோராம் அத்தியாயமும்

வினாயகமூர்த்தி அண்ணன் கொழும்பில் ஒரு பதிப்பகத்தில் இருபத்திரண்டு வருடம் அச்சுப்பிழை பார்க்கும் ஒப்புநோக்குநராக இருந்தவர். பெயர்தான் அப்படி, அங்கே வந்த நாவல்களை நாவலாக்கியது அவருடைய சிவப்புப் பென்சில். எண்பத்துமூன்றுக் கலவரத்தோடு பனிச்சங்கேணிக்குத் திரும்பி, வலை வீசத் தொடங்கினார். பென்சிலை விடவில்லை. யார் எழுதிக் கொடுத்தாலும் வாசிப்பார். நல்லது என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. ஒரு பக்கத்தில் கோடு விழாவிட்டால் அது தேறிவிட்டதென்று நாங்களாக எடுத்துக்கொள்வோம்.

நான் வாழைச்சேனையில் கணிதம் படிப்பித்துக்கொண்டு, பத்து வருடமாக ஒரு நாவல் எழுதினேன். அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம். இரண்டாயிரத்து ஆறு ஆடியில் அதை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிரதி எடுக்கவில்லை. போட்டோக்கொப்பிக் கடைக்காரர் கதையைத் திருடிவிடுவார் என்று பயம். அவர் கிரிக்கெட் செய்தியைத் தவிர வேறெதையும் வாசிப்பதில்லை என்பது ஊருக்கே தெரியும்.

மூன்று வாரத்தில் ஒரு தபாலட்டை வந்தது. ‘கதை நாற்பதாம் பக்கத்தில் தொடங்குகிறது. அதுவரை என்ன செய்துகொண்டிருந்தீர்?’ இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள், அவருக்கு வயதாகிவிட்டது என்று முடிவு செய்து சாப்பிட்டேன்.

பிறகு சண்டை மூண்டு பனிச்சங்கேணிப் பாதை பூட்டப்பட்டது. ஷெல் சத்தம் எங்கள் வகுப்பறை வரை கேட்டது. மார்கழியில் அந்தப் பக்கத்துச் சனம் வாவியைக் கடந்து வந்து பாடசாலைகளில் தங்கியது. நான் இரண்டு பால்மாப் பெட்டிகளோடு முகாம் முகாமாக அலைந்தேன். அண்ணனைத்தான் தேடுகிறேன் என்று கேட்டவர்களிடம் சொன்னேன். எனக்கும் அப்படியே சொல்லிக்கொண்டேன். மூன்றாவது முகாமில் அவரைக் கண்டதும் என் கண் அவர் முகத்தில் நிற்கவில்லை. பக்கத்திலிருந்த பைக்குப் போனது. அவர் அதைக் கவனித்தார். அவர் கண்ணுக்குத் தப்பிய பிழை இல்லை.

பைக்குள்ளிருந்து ஒரு பொலித்தீன் பொதியை எடுத்தார். காணி உறுதிப் பத்திரம், பேத்தியின் பிறப்புச் சான்றிதழ், அவற்றுக்கு நடுவில் என் நாவல். எண்பத்தேழு பக்கம்.

“மிச்சம்?” என்றேன்.

அவர் மனைவி அன்னப்பூரணி அக்கா பால்மாவை வாங்கி ஓரமாக வைத்தார்.

“மூண்டு நாள் காட்டுக்குள்ள இருந்தம் தம்பி. ஒரே மழை. ஈர விறகு பத்தயில்ல. உங்கட கதையிலதான் தேத்தண்ணி வெச்சம். நல்லா எரிஞ்சிது.”

“கண்டபடி எரிக்கயில்ல,” என்றார் அண்ணன்.

ஒவ்வொரு முறை அடுப்பு மூட்டும்போதும் எது போகலாம் என்று வாசித்துப் பார்த்துத்தான் கொடுத்தாராம். முதலில் போனது முப்பத்தோராம் அத்தியாயம். கதாநாயகன் நாற்பது பக்கம் எடுத்துச் சாகும் இடம். எழுதும்போது அழுதேன், எனக்குத் தெரிந்து அதற்கு அழுத ஒரே ஆள் நான்தான்.

“நாலாம் நாள் காலம கேட்டன்,” என்றார் அக்கா. “இனி ஒரு தாளும் தரமாட்டன் எண்டிட்டார் இந்த மனிசன். அண்டைக்குப் பச்சத்தண்ணிதான் குடிச்சம்.”

அன்றுதான் அண்ணன் அந்தப் பொதியைத் தலையில் வைத்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் வாவியைக் கடந்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து, எரிந்ததை நினைவிலிருந்து எழுத உட்கார்ந்தேன். ஒரு வாரம் உட்கார்ந்தும் ஐந்நூற்று இருபத்தைந்து பக்கத்தில் ஒரு வசனம்கூட வரவில்லை. எண்பத்தேழையும் பார்க்காமலே சொல்ல முடிந்தது. அவற்றில் ஒரு கோடும் இல்லை. ஓடிய ஓட்டத்தில் பென்சில் தொலைந்துவிட்டது என்று அவர் காரணம் சொன்னார். நான் அதை நம்பவில்லை. நம்பாமலிருப்பது எனக்கு வசதியாகவும் இருந்தது.

அடுத்த வருடம் புத்தகம் வந்தது. தொண்ணூற்றொரு பக்கம். கூடியிருந்த நாலு பக்கமும் என் முன்னுரை. போர், இழப்பு, எழுத்தாளனின் தியாகம் எல்லாம் அதில் இருந்தன. அண்ணன் குடும்பம் பனிச்சங்கேணிக்குத் திரும்பியிருந்தது. அவர் முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்துவதை நிறுத்திவிட்டு, புத்தகம் முழுவதையும் ஒரே இருப்பில் வாசித்தார். முடித்ததும் மறுபடி முன்னுரையைப் புரட்டினார்.

“இதில இன்னொரு தேத்தண்ணி வெச்சிருக்கலாம் தம்பி,” என்றார்.