குப்பைத் தொட்டியில் பிறந்த குளவிகள்

நியமன ஆணையின்படி அவள் பூச்சி ஒழிப்பு உதவியாளர். வன ஆராய்ச்சி நிலையத்தின் பின்னறையில் அவள் செய்ததோ, இலைதின்னிப் புழுக்களுக்கு வேளை தவறாமல் இலை போட்டு வளர்ப்பது. தேக்கிலிருந்து பிடித்தவை ஜன்னலோரச் சாடிகளில், மருதிலிருந்து பிடித்தவை சுவரோரம். சில புழுக்கள் அந்துப்பூச்சியாகும். குளவி முன்கூட்டியே முட்டையிட்டுவிட்ட புழுக்களிலிருந்து குளவிதான் வரும். குளவி நிறைய இருக்கும் தோப்புக்கு மருந்து வேண்டாம், இல்லாத தோப்புக்கு அடித்தாக வேண்டும் என்பது நிலையத்தின் முடிவு.

தேக்குத் தோப்பில் அவள் தம்பியின் தேனீப் பெட்டிகள் இருந்தன. மருந்து அடித்தால் தேனீக்களும் போகும்.

"அக்கா, உன் புள்ளைங்க நாலு செத்தாத்தான் என் ஈ பொழைக்கும்" என்பான்.

ஊட்டிய கைக்கு அது கசந்தது. புழு காட்டுக்கு எதிரி, குளவி புழுவுக்கு எதிரி, ஆகவே குளவி நம் பக்கம் என்று நிலைய அதிகாரி விளக்கியபோது தலையாட்டினாள். அந்தக் குளவிக்குள்ளும் முட்டையிடும் வேறொரு குளவி உண்டு என்றதும், யார் பக்கம் யார் என்று பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

சாடிகளில் வந்தவை அத்தனையும் அந்துப்பூச்சி. இரண்டு தோப்புக்கும் திங்கட்கிழமை மருந்து என்று முடிவாயிற்று. முடிவான அன்று மாலையே அவள் குப்பைத் தொட்டியின் மூடியைத் திறந்தாள். பொடிக் குளவிகள் முகத்தில் மோதின. இலை தின்னாமல் சுணங்கிய புழுவிலிருந்து மற்றவற்றுக்கும் நோய் ஒட்டிவிடும் என்று, அழுகிய தக்காளியைப் பொறுக்குவதுபோல் தினமும் பொறுக்கி எறிந்தவள் அவளேதான். அவை சுணங்கியது நோயால் அல்ல, உள்ளே இருந்த குளவியால்.

தேக்குப் புழுவில் வந்ததாகச் சொல்லிவிடு, குளவி வந்து மறுக்கவா போகிறது என்றான் தம்பி. அதிகாரியும் கேட்டார், எந்த மரத்துப் புழு என்று.

"தெரியல மேடம். ரெண்டையும் ஒண்ணாத்தான் போட்டேன்."

"இப்ப மருந்து அடிக்கச் சொல்லவா, வேணாங்கவா?"

"அதுவும் தெரியல."

அதிகாரி தனக்கும் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, மருந்தைத் தள்ளிவைத்தார். அடுத்த சுற்றில் தேக்குப் புழுக்களில் பாதிக்கு மேல் குளவியாயின, மருதில் ஒன்றிரண்டுதான். தேக்குத் தோப்பு மருந்துக்குத் தப்பியது, மருதந்தோப்பு தப்பவில்லை.

அவள் செய்தது இவ்வளவுதான்: இரண்டு தோப்பிலும் புதிதாகப் புழு பிடித்து வந்தாள், தனித்தனியே வைத்து இலை போட்டாள், சுணங்கியவற்றை எடுக்காமல் விட்டாள்.