சென்டர் ஸ்டாண்டில் ஓடிய வண்டி

1. அண்ணன் வளைகுடாவிலிருந்து லீவில் வந்தான்.
2. வந்த அன்றே, அங்கே அறையில் படுத்துக்கொண்டு போனில் பார்த்துப் பார்த்து ஆசைப்பட்ட வண்டியை பெரம்பலூர் ஷோரூமில் கேட்டான்.
3. ஒன்று கையிருப்பில் இருந்தது. ஆனால் பிரேக் பிடித்தால் சறுக்காமல் காக்கும் ஏபிஎஸ் அதில் முன்சக்கரத்துக்கு மட்டும். இரண்டு சக்கரத்துக்கும் இருப்பது வரட்டும் என்று நான்தான் சொன்னேன்.
4. அது லீவின் கடைசி வாரம், செவ்வாய்க்கிழமை, குட்டியானை வேனில் வந்து இறங்கியது.
5. வியாழக்கிழமை அண்ணன் திருச்சியில் விமானம் ஏறினான்.

மூன்றாவதற்குக் காரணம் உண்டு. பழைய வண்டியில், குன்னம் ரோட்டில் காயப்போட்டிருந்த மக்காச்சோளத்தில் சறுக்கித் தோள்பட்டையை உடைத்துக்கொண்டவன் அவன். அம்மாவுக்கும் அதே பயம். சிறுவாச்சூர் அம்மன் வாசலில் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றாமல் புது வண்டியின் சக்கரம் உருளக் கூடாது என்றார். அந்தக் கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும்.

வட்ட ஹெட்லைட், கண்ணீர்த்துளி வடிவ டேங்க், பழைய பாணி முள் மீட்டர், ஹேண்டில் ஓரத்தில் போன் சார்ஜ் போடும் துளை. முந்நூற்றைம்பது சிசி. வேப்பமரத்தடியில் நின்ற அதை அண்ணன் சுற்றிச் சுற்றி வந்தான்.

"ஸ்டார்ட்டாவது பண்ணலாம்லம்மா?"

"பண்ணிக்க. சக்கரம் தரையில உருளக் கூடாது, அவ்வளவுதான்."

சென்டர் ஸ்டாண்டைப் போட்டு ஏறி உட்கார்ந்தான். ஹெல்மெட்டையும் மாட்டிக்கொண்டான். எதிர்வீட்டு அக்கா சிரித்தார். "எங்க தம்பி, அரியலூருக்கா?"

"ஆமாங்க்கா, ஏறுங்க, ஜெயங்கொண்டத்துல எறக்கி விடுறேன்."

கியர் போட்டான். பின்சக்கரம் அந்தரத்தில் சுழன்றது. மூன்றாவது கியர் வரை போனான். பிறகு மீட்டரைப் பார்த்தான்.

"ஏ புள்ள, முள்ளு ஏன் நகரல?"

"ஸ்பீடு சென்சர் முன்சக்கரத்துலண்ணே. அது சுத்துனாத்தான் காட்டும்."

"அதுகிட்டயும் அம்மா சொல்லி வச்சிட்டாங்களா?"

எல்லாரும் சிரித்தோம். அவன் வண்டியை அணைத்துவிட்டு இறங்கி, டேங்கைத் துண்டால் துடைத்தான். புதன்கிழமையும் அப்படியே ஓட்டினான். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

அம்மாவிடம் நான் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். தெருமுனை வரை போய் வரட்டும் என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாவது விட்டிருப்பார். எது இருக்கிறது, எது இல்லை என்று வண்டியில் அத்தனையும் சரிபார்த்த எனக்கு அது தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை மறுபடி குட்டியானையில் ஏற்றிக் கொண்டுபோய்ப் பூஜை நடந்தது. எலுமிச்சம்பழத்தின் மேல் நான் ஏற்றினேன். முள் நகர்ந்தது.

இப்போது அரியலூர் சிமென்ட் ஆலைக்கு அதில்தான் வேலைக்குப் போகிறேன். முதல் சர்வீஸ் முடிந்துவிட்டது. பின் ஏபிஎஸ்ஸுக்கு இதுவரை வேலை வரவில்லை. அண்ணன் லீவு கேட்டிருக்கிறான். இன்னும் கிடைக்கவில்லை.