அரவை மிஷினின் வாய்

தெருவில் அவளுக்கு அரவை மிஷின் என்று பெயர். எந்நேரமும் தாடை ஆடிக்கொண்டே இருக்குமாம். "என்னக்கா, காலையிலேயே மிஷின் ஓடுது?" என்று பக்கத்து வீட்டுத் தையற்காரி கிண்டலடித்தால் சிரித்து மழுப்பிவிடுவாள். வாயில் இருப்பது தனக்கில்லை என்று எப்படிச் சொல்வது?

பின்னறை ஜன்னலை அட்டை வைத்து அடைத்து, செருப்புப் பெட்டிகளில் காட்டுக்கிளிக் குஞ்சுகளை அவளும் புருஷனும் விற்பதற்காக வைத்திருந்தார்கள். மரப்பொந்திலிருந்து திருடி வந்தவை. கரண்டியில் ஊட்டினால் பாதி செத்துப்போகும். நிலக்கடலையை மென்று கூழாக்கி, அலகை உதட்டுக்குள் விட்டு ஊட்டினால் பிழைத்துக்கொள்ளும். தாயிடமிருந்து பிடுங்கி வந்து தாயாக நடிக்கிற பிழைப்பு, வேறென்ன! எச்சம் காய்ந்த பெட்டிகளைத் தட்டிப் பெருக்குவது புருஷன் வேலை. தூசியில் தும்மிக்கொண்டே பெருக்குவான்.

காய்ச்சல் அவனுக்குத்தான் வந்தது. மூன்றாம் நாள் மூச்சு முட்டியது. அலறியடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தாள்.

"வீட்டுல பறவை ஏதாவது இருக்காம்மா? கிளி, புறா மாதிரி?" என்று டாக்டர் கேட்டார்.

படுத்திருந்தவன் அவள் கையை அழுத்தினான். காட்டுக்கிளி வைத்திருப்பது குற்றம்; இருவருக்கும் போலீஸ் பயம்.

"பறவையா? எங்க வீட்டுப் பக்கம் ஒரு காக்கா கூட எட்டிப் பாக்காது டாக்டர்!"

டாக்டரும் சிரித்துவிட்டு, வழக்கமான நிமோனியா ஊசியை எழுதினார்.

ஐந்து நாள் அந்த ஊசிதான். அந்த ஐந்து நாளும் இடையிடையே வீட்டுக்கு ஓடிக் குஞ்சுகளுக்கு ஊட்டினாள். ஆறாம் நாள் அவன் அவளையே யாரென்று தெரியாமல் பார்த்தான். ஓடிப்போய் டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "கிளிகிட்ட இருந்து வர்ற காய்ச்சல்மா இது. முதல் நாளே சொல்லியிருந்தா வேற மருந்து குடுத்திருப்பேன். இப்பவும் குடுக்கறேன், ஆனா அவர் நுரையீரல் இனி தாங்கறது கஷ்டம். நீங்களும் இந்த மாத்திரையைப் போடுங்க. குஞ்சுங்க கிட்ட போகாதீங்க. நாளைக்கு வனத்துறை ஆளுங்க வந்து எடுத்துட்டுப் போயிடுவாங்க."

அன்று மாலையே அவன் போய்விட்டான்.

அவனுக்குப் போட்டுவிட ஒரு நல்ல சட்டை எடுக்க வீட்டுக்கு வந்தாள். காலடிச் சத்தம் கேட்டதும் பின்னறையில் அத்தனை குஞ்சுகளும் கத்தின. கதவைத் திறந்தாள். எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நின்றன.

"பாவிங்களா, கொன்னுட்டீங்களேடா!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவை கத்துவதை நிறுத்தவில்லை. தானே சொல்லாமல் விட்டதற்கு இதுகளை ஏசி என்ன பயன்? டாக்டர் கொடுத்த மாத்திரை பிரிக்காமல் பையிலேயே கிடந்தது.

டப்பாவிலிருந்து ஒரு பிடி கடலையை அள்ளி வாயில் போட்டு, அழுதபடியே மெல்ல ஆரம்பித்தாள்.