குலுக்கைக்கு ஒரு வட்டச் சன்னல்

செவ்வாய்க்கு மனிதர்கள் போகிற படங்கள் பலசரக்குக் கடையிலிருந்துதான் எங்கள் வீட்டுக்கு வந்தன. குற்றாலத்தில் சீசனுக்குத் தங்கியிருந்த யாரோ விட்டுப்போன வெளிநாட்டுப் பத்திரிகைகள், எடைக்குப் போட்ட தாள்களோடு தென்காசிக் கடைக்கு வந்து சேர்ந்திருந்தன. "தாளு வழவழன்னு கெடக்கு டீச்சரம்மா, பொட்டலம் நிக்க மாட்டேங்கு. புள்ளைக்குக் குடுங்க" என்று வண்ணப் பக்கங்களைக் கடைக்கார அண்ணாச்சி கிழித்துத் தந்தார்.

என் மகளுக்கு அப்போது பத்து வயது. கல்யாணமாகிப் பதினாறு வருஷம் கழித்துப் பிறந்தவள். அவள் இருமினாலே நான் எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

படங்கள் அழகாகத்தான் இருந்தன. குங்குமம் கொட்டினாற்போன்ற தரை. நீண்ட இறக்கைகளோடு இறங்கி நிற்கும் கப்பல். தலையில் கண்ணாடிக் குடம் கவிழ்த்த மனிதர்கள். ஒரு படத்தில் கப்பலை நெடுக அறுத்து உள்ளே காட்டியிருந்தார்கள். ஒருவன் அடுக்குக் கட்டிலில் தூங்குகிறான், இன்னொருவன் வட்டச் சன்னல் வழியாகப் பார்க்கிறான். போய்ச்சேர மாதக்கணக்கில் அடைந்து கிடக்க வேண்டும் என்று கீழே எழுதியிருந்ததை நான்தான் படித்துச் சொன்னேன். இன்றைக்கும் அதற்காக என்னை நொந்துகொள்கிறேன்.

அவள் எல்லாவற்றையும் டிரங்குப் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டிவைத்தாள். "சாதகத்துல இருக்க செவ்வாய் பத்தாதுன்னு பொட்டியிலயும் ஒட்டுதாளாக்கும்" என்றார் என் கணவர்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கார் நெல் அறுப்புக்கு முன்பு, நெல் கொட்டிவைக்கும் குலுக்கையை மெழுகிக் காயவிட்டு, உள்ளே வேப்பிலைப் புகை போட்டு மூடுவது வழக்கம். எங்களுடையது ஆள் உயர மண் குலுக்கை. மேலே வாய்; கீழே நெல் எடுக்க ஒரு கை நுழையும் ஓட்டை, அதற்குத் துணி அடைப்பு. என் கணவர் புறவாசலில் கங்கு மூட்டிக்கொண்டிருந்தார். மகளைக் காணோம். வீடு முழுக்கக் கூப்பிட்டுப் பார்த்தேன்.

"பக்கத்து வீட்டுக்காரங்களோட அருவிக்குப் போயிருப்பா. மத்தியான பஸ்ல வந்துருவா. நீ ஏன்ட்டி பதறுத?" என்றார்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நின்றேன். வழியில் அண்ணாச்சி, "ராக்கெட்டு ஏறிட்டாளோ என்னமோ" என்று சிரித்தார். பஸ் வந்தது. பக்கத்து வீட்டார் ஈரத் துணிகளோடு இறங்கினார்கள். அவள் இல்லை. "எங்ககூட வரலியே டீச்சர்" என்றார்கள். அருவியும் பாறையும் கண்ணுக்குள் சுழன்றன. வீட்டுக்கு ஓடினேன்.

அங்கே குலுக்கைக்குப் பக்கத்தில் புகைச் சட்டி தயாராக இருந்தது. குலுக்கையின் வாய் மூடியிருந்ததை நான் மூடியதாக என் கணவர் நினைத்திருக்கிறார். கீழே துணி அடைப்பு விழுந்து கிடந்தது. புகை வெளியேறாமல் அதை முதலில் திணிக்கலாம் என்று குனிந்தார்.

ஓட்டைக்குள்ளிருந்து ஒரு கண் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மேலே ஏறி அவளைத் தூக்கி எடுத்தார். வேர்வையில் நனைந்து, துவண்டு கிடந்தாள். முகத்தில் தண்ணீர் தெளித்து விசிறினோம். அடிக்க ஓங்கிய என் கை அவள் தோளில் விழுந்தது.

"எத்தன தடவ கூப்பிட்டேன்? பதில் சொன்னா என்னட்டி?"

"பூமியில இருந்து கூப்புட்டா அங்கன கேக்காதுல்லாம்மா" என்றாள். கொஞ்சம் கழித்து, "அப்புறம் ஏற முடியல. உள்ளுக்க வழுக்குது" என்று அழுதாள்.

"அந்தத் துணிய எப்பம்ளா தள்ளுன?" என்று கேட்டார் அவள் அப்பா.

"மூடிய இழுத்து மூடிட்டு உள்ள எறங்குனதுமே. சன்னல் இல்லாத கப்பல் எந்தப் படத்துலயும் கெடையாதேப்பா."

அந்த ஓட்டையில் மூக்கை வைத்துத்தான் அவ்வளவு நேரம் மூச்சு விட்டிருக்கிறாள். அவர் புகைச் சட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்த் தண்ணீரைக் கொட்டி அணைத்தார்.

படங்களை எல்லாம் அடுப்பில் போடத்தான் பெட்டியைத் திறந்தேன். அறுத்துக் காட்டிய கப்பலின் ஓரம் பெயர்ந்து தொங்கியது. உள்ளே அவன் இன்னும் வட்டச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தச் சன்னலின் மேல் விரலை வைத்தேன். பிறகு எழுந்துபோய்க் கொஞ்சம் மைதாப் பசை காய்ச்சினேன்.